குழாயடியில் நாற்பது நிமிடம்

எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பேட்டில் ஒரே வாக்கியம் மூன்று வருடத்தில் பதினெட்டு முறை வருகிறது. 'இப்பொருள் பேசப்பட்டபோது பெற்றோர் பிரதிநிதி அறையை விட்டு வெளியேறினார்.' பக்கத்தில் இரண்டு நேரம் இருக்கும், போனது ஒன்று, திரும்பியது ஒன்று. நான் அலுவலக எழுத்தராகச் சேர்ந்த முதல் வாரம், எழுதும் முறையைப் பழகிக்கொள் என்று தலைமையாசிரியை அந்தப் பழைய குறிப்பேட்டைக் கொடுத்தார். முறையை விட்டுவிட்டு நான் இந்த வாக்கியத்தை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். சேர்ந்த அன்று அம்மா கேட்டாள்.

"அங்க உனக்கு என்ன வேலை?"

"கூட்டத்துல எல்லாரும் பேசறத எழுதணும்மா."

"அவங்க பேசறதயா? அதுக்கா மூணு வருஷம் படிச்ச?"

அந்த மூன்று வருடத்தில் 'நிறுவன ஆளுகை' என்றே ஒரு தாள் இருந்தது. எழுபத்தொரு மதிப்பெண் வாங்கினேன். தனக்குச் சம்பந்தம் உள்ள விஷயம் வரும்போது உறுப்பினர் விலகி நிற்க வேண்டும் என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அழகாக எழுதிய ஞாபகம்கூட இருக்கிறது. ஆனால் யாராவது நிஜமாகவே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பரீட்சைக்கு எழுதினேன், அவ்வளவுதான்.

எழுந்து போகிறவரை முதல் கூட்டத்தில் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை, கையில் பெரிய டயல் வைத்த ஆண்கள் கடிகாரம். எங்கள் பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஓர் அட்டைப்பெட்டி ஃபேக்டரி இருக்கிறது. பழைய காகிதத்தை எடைக்கு வாங்கிப் பெட்டி செய்கிறார்கள். அதன் வாசலில் லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தும் எடைமேடை. அதன் கண்ணாடி அறைக்குள் பதினாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர் இவர்தான். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. மகள் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு. எல்லாருக்கும் அவர் எடைமேடை அக்கா. விளையாட்டு ஆசிரியருக்கு மட்டும் வெளிநடப்பு அக்கா.

"சட்டசபையில கூட இத்தனை வெளிநடப்பு இல்ல. அங்க கோஷம் போட்டுட்டுப் போவாங்க. இவங்க டைம் சொல்லிட்டுப் போறாங்க" என்பார் அவர்.

சீருடை தைக்கும் விஷயம் வந்தால் போவார், நாத்தனார் தையல்காரி. உதவித்தொகைப் பட்டியல் வந்தால் போவார், பக்கத்து வீட்டுப் பெண் அதில் இருக்கிறாள். ஒருமுறை கழிப்பறைக் கதவு ரிப்பேருக்கும் எழுந்திருக்கிறார். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி, பொறுமைசாலி. அவரே, "ஏம்மா, அது கக்கூஸ் கதவும்மா" என்று கெஞ்சினாராம்.

"என் பொண்ணும் அதே கதவுதான சார்."

"எல்லாப் பிள்ளைங்களும் அதே கதவுதான். உக்காருங்க."

அக்கா யோசித்து, "எல்லாருக்கும் வர்றதுன்னா உக்காந்துக்கறேன். என் பக்கம் மட்டும் வர்றதுன்னா எந்திரிச்சுக்கறேன்" என்று உட்கார்ந்தாராம். அந்த ஒப்பந்தமும் குறிப்பேட்டில் இருக்கிறது.

எனக்கு வேறொரு சந்தேகம். கூட்ட அறைக்கு வெளியே, ஜன்னலை ஒட்டி, மின்விசிறிக்குக் கீழே நல்ல நீள பெஞ்ச் ஒன்று கிடக்கிறது. வெளியே போகும் அக்கா அதில் உட்கார மாட்டார். வராண்டாவைத் தாண்டி, வெயிலில் இறங்கி, மைதான ஓரத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் குழாயடியில் போய் நிற்பார். ஒழுகும் குழாயை இறுக்கி மூடுவார். கீழே கிடக்கும் டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார். யாராவது போய்க் கூப்பிட்டால்தான் வருவார்.

"குழாயடிச் சண்டை பாத்திருக்கேன். குழாயடித் தவம் இங்கதான் பாக்கறேன்." இதுவும் விளையாட்டு ஆசிரியர்தான்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். இதே அக்கா அந்த ஃபேக்டரியின் இயக்குநர் குழுவிலும் இருக்கிறார். முதலாளி, அவர் தம்பி, ஆடிட்டர், மேனேஜர் என்று உட்காரும் மேசையில் தொழிலாளர் சார்பில் ஒரு நாற்காலி போட்டபோது, உள்ளே இருந்த தொழிலாளர்களும் சொன்னார்கள், காகிதம் கொண்டுவரும் வெளி வியாபாரிகளும் சொன்னார்கள், அந்த அம்மாவைப் போடுங்கள் என்று. வாங்குகிறவனும் விற்கிறவனும் சேர்ந்து கைகாட்டும் ஆள் எப்படிக் கிடைக்கும்? எழுபத்தொரு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு நான் யாராலும் கைகாட்டப்படாமல் உட்கார்ந்திருந்தேன். அது உறுத்தலா பொறாமையா என்று இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு மதியம் சாப்பாட்டு இடைவேளையில் எடைமேடைக்கே போய்விட்டேன்.

அக்கா ஆச்சரியப்படவில்லை. ஒரு லாரி ஏறி நின்றது. கண்ணாடிக்குள்ளிருந்து மைக்கில் அவர் குரல் வந்தது. "டிரைவர் இறங்கிக்கோங்க. கிளீனரும்." அவர்கள் இறங்கியும் திரையில் எண் நிற்கவில்லை.

"தங்கச்சி, நீயும்தான். மேடை ஓரத்துல நிக்கிற பாரு."

குனிந்து பார்த்தால் என் இரண்டு காலும் மேடை விளிம்பில் இருந்தன. நகர்ந்தேன். திரையில் ஐம்பது கிலோ குறைந்தது. டிரைவர் சிரித்தார். "டிகிரியோட சேத்து அம்பது."

அறைக்குள் ஒரு தட்டில் பாதிச் சீட்டுகள் கிடந்தன. சரக்கோடு ஒரு எடை, இறக்கிவிட்டு வெறும் லாரியாக ஓர் எடை, இரண்டும் சேர்ந்தால்தான் முழுச் சீட்டு. முதல் எடை போட்டுவிட்டு இரண்டாவதுக்கு வராமலே போய்விடும் லாரிகளின் சீட்டுகள் அந்தத் தட்டில்.

"இவங்கள என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது. முதல்லயே கேட்டு வச்சுக்கணும், நடுவுல போயிட்டா என்னன்னு."

நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மேடையில் கால் வைத்துக்கொண்டு எடை பார்க்கக் கூடாது, அதனால்தானே கூட்டத்திலும் எழுந்து போகிறீர்கள் என்று கேட்டேன். இதை ஒரு கட்டுரையாகவே எழுதலாம் என்று மனதுக்குள் தலைப்பு வைத்தாயிற்று.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்படியெல்லாம் யாரும்மா யோசிப்பா. முதல் கூட்டத்துல நாத்தனார் பேரு வந்துச்சு. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். அப்புறம் பழகிடுச்சு."

தலைப்பு அங்கேயே செத்தது. திரும்பும்போது வாசலில் ஃபேக்டரி மேனேஜர் நின்று என்னைப் பார்த்தார். அப்போது அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, அந்தக் கூட்டம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வராண்டாவில் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள், அறை போதவில்லை. ஃபேக்டரிக்கோ லாரி நிறுத்த இடம் போதவில்லை. மைதானத்தின் பின்பாதியைப் பத்து வருடத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தால், வருடத்துக்கு ஒன்றாக நான்கு வகுப்பறை கட்டித் தருகிறோம் என்று ஃபேக்டரி எழுதியிருந்தது. மேனேஜர் ஃபைலோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில், எனக்குப் பிறகுதான் தெரியவந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஃபேக்டரி இரண்டு வருடத்தில் வேறு ஊருக்குப் போகப்போகிறது. இடம் பார்த்தாகிவிட்டது. இயக்குநர் குழுவில் பேசி, வெளியே விடக் கூடாது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அக்காவும் ஒப்புக்கொண்டவர். இதைப் பள்ளிக்கு நீங்களே சொல்லிவிட வேண்டும் என்று அவர் முதலாளியிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். நேரம் வரும்போது சொல்லலாம் என்று பதில் வந்திருக்கிறது. நேரம் வருவதற்கு முன்னால் சனிக்கிழமை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் அங்கே கொடுத்த வாக்குப் போகும், நாற்காலி போகும், அநேகமாகக் கண்ணாடி அறையும் போகும். திறக்காவிட்டால் பள்ளிக்கு மிஞ்சுவது இரண்டு அறையும் சிமெண்ட் பூசிய பாதி மைதானமும். மகள் ஓடுவதும் அதே மைதானத்தில்தான்.

அக்கா எழுந்தார்.

"சார், இதுல ரெண்டு பக்கமும் நான் இருக்கேன். வெளிய இருக்கேன்."

"ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள் நீங்கதான். நீங்க இருந்தா எங்களுக்குத்தான நல்லது?" என்றார் தலைமையாசிரியை.

"அதனாலதான் மேடம்."

கதவுப் பிடியில் கை வைத்தவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். முதுகுதான் தெரிந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "பத்து நாப்பதுன்னு எழுதிக்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விளையாட்டு ஆசிரியர் அன்று கேலி பேசவில்லை. "பாதி கிரவுண்டைக் குடுத்துட்டா பசங்க எங்க சார் ஓடுவாங்க?"

"ஓடறதுக்கு முன்னாடி உக்கார இடம் வேணுமே மாஸ்டர்" என்றார் இன்னொரு உறுப்பினரான மருந்துக் கடைக்காரர். "மழை வந்தா ஆறாங்கிளாஸ் நனையுது."

இருபது நிமிடம் பேசினார்கள். வராண்டாப் பிள்ளைகளை நினைத்தால் யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. கடைசியில் விளையாட்டு ஆசிரியரும் மேசையைப் பார்த்துக்கொண்டு, "சரி, என்னமோ பண்ணுங்க" என்றார்.

"அப்போ எல்லாருக்கும் சம்மதம். எழுதிக்கம்மா" என்றார் தலைவர்.

எல்லா எழுத்தர்களும் செய்வதைத்தான் நானும் செய்வேன். புதிதாக எதையும் எழுத மாட்டேன். முந்தின ஒப்பந்தத்தின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பெயரையும் வருடத்தையும் மாற்றுவேன். அன்று திறந்திருந்தது பள்ளி வேன் ஒப்பந்தத்தின் பக்கம். யார், எதற்கு, எத்தனை வருடம், என்ன நிபந்தனை என்று வரிசையாக மாற்றிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது வரியில் பேனா நின்றது. 'நடுவில் விட்டுப் போனால் என்ன என்று பெற்றோர் பிரதிநிதி கேட்டார். பதில்:' என்று அதில் இருந்தது. முந்தின பக்கங்களைப் புரட்டினேன். நகல் இயந்திர வாடகையிலும் அதே ஐந்தாவது வரி. குடிநீர் இயந்திரத்திலும் அதே.

இந்த அறையில் எனக்குப் பேசும் வேலை இல்லை. ஓட்டும் இல்லை. நான் சேர்ந்து ஐந்து மாதம்தான், வேலை நிரந்தரம்கூட ஆகவில்லை. அந்த வரியை விட்டுவிட்டு ஆறாவதுக்குப் போயிருக்கலாம். விடாததற்குக் காரணம் துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், காலியாக ஒரு வரி விட்டால் தலைமையாசிரியை திட்டுவார் என்ற பயம்தான்.

"சார், ஒரு வரிக்கு மட்டும் என்ன எழுதறதுன்னு தெரியல."

"எந்த வரி?"

"எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்கு சார். நடுவுல விட்டுப் போனா என்னன்னு. அக்கா கேக்கற கேள்வி. இன்னிக்கு யாரும் கேக்கல."

விளையாட்டு ஆசிரியர் நிமிர்ந்தார். "அட, ஆமா. அவங்க இருந்திருந்தா முதல்ல இதத்தான் கேட்டிருப்பாங்க. வேன்காரன் நாலே மாசத்துல ஓடினப்போ இந்த வரியாலதான மாத்து வண்டி வந்துச்சு." மேனேஜர் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க சார். நாலு ரூம் முடியறதுக்குள்ள நீங்க கிளம்பிட்டா?"

மேனேஜர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "நாங்க எங்க சார் போகப்போறோம்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தலைவர் தபால் அலுவலகக் கவுண்டரில் காத்திருப்பதுபோல அமைதியாகக் காத்திருந்தார்.

"முதலாளிய ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பத்து நிமிடம் கழித்து வந்து, இன்று முடிவெடுக்க வேண்டாம், முதலாளியே நேரில் வருவார் என்றார்.

விஷயம் தள்ளி வைக்கப்பட்டது. நான் போய்க் குழாயடியில் அக்காவைக் கூப்பிட்டேன். எல்லா டம்ளர்களும் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. பதினொன்று இருபது. வந்து உட்கார்ந்தவர், "என்னாச்சு?" என்றார்.

"தள்ளி வச்சிருக்கோம்மா" என்றார் தலைவர்.

"சரி." அவ்வளவுதான். அடுத்தது தண்ணீர்த்தொட்டி சுத்தம் செய்யும் விஷயம். அக்கா அதற்கு மூன்று கேள்வி கேட்டார்.

புதன்கிழமை முதலாளி வந்தார். ஊர் மாறுவதை அவர் வாயாலேயே சொன்னார். ஒப்பந்தம் மாறியது. முதல் லாரி உள்ளே வருவதற்கு முன் இரண்டு வகுப்பறை எழும்ப வேண்டும், இடமும் பாதி மைதானம் இல்லை, பின்மூலை மட்டும், அதுவும் இரண்டே வருடம். விளையாட்டு ஆசிரியர் கயிற்றைப் பிடித்து அவரே அளந்து கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் என் மேசைக்கு முன் வந்து நின்றார்.

"அந்தக் கேள்விய உனக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தா?"

"யாரும் இல்ல சார்."

"மூணு வாரம் முன்னாடி நீ எடைமேடையில உக்காந்திருந்தத நான் பாத்தேன். ரகசியம் எப்படி வெளிய போச்சுன்னு முதலாளி கேக்கறாரு. திங்கக்கிழமை எங்க டைரக்டர் கமிட்டியில அந்தம்மாவ வச்சுப் பேசப்போறோம். உங்க மினிட்ஸ் காப்பி வேணும்."

அவர் கேட்டது அந்த ஒரு கூட்டத்தின் நகல். நான் எடைமேடைக்குப் போனது உண்மை. 'நடுவுல போயிட்டா' என்று அக்கா சொன்னதும் உண்மை. லாரியைப் பற்றித்தான் சொன்னார் என்று யார் நம்புவார்கள்? நானே ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன். அன்று எனக்காகத்தான் அதைச் சொன்னாரோ என்று. அந்த மதியத்தை முன்னும் பின்னுமாக எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பாதிச் சீட்டு என்ன என்று கேட்டது நான்தான். அவராக எதையும் தொடங்கவில்லை.

தலைவரிடம் அனுமதி கேட்டேன். அந்தக் கூட்டத்தோடு பழைய மூன்று ஒப்பந்தப் பக்கங்களையும் சேர்த்து நகல் எடுத்தேன். மூன்றும் எனக்கு முன் இருந்த எழுத்தரின் சாய்ந்த கையெழுத்து. கடைசிப் பக்கத்தின் தேதி நான் இங்கே சேர்வதற்கு ஏழு மாதம் முன்பு. அதைக் கொடுத்துவிட்டு, மாலையில் அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, திங்கக்கிழமை நானும் வரேன். நான் கேட்டதுதான்னு சொல்றேன்."

"நீ எதுக்கு? எழுதினது இருக்குல்ல. அது போதும்." மைக்கை அழுத்தினார். "கிளீனர் இறங்கிக்கோங்க." பிறகு என்னிடம், மெதுவாக, "பதினாறு வருஷம். இந்த ரூம்ல ஏசி கூட கிடையாது. ஆனா விட்டுட்டுப் போகச் சொன்னா எங்க போய் உக்கார்றதுன்னு தெரியல" என்றார். அவர் பயப்படுவதை அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை நடந்தது எனக்கு அந்த மேனேஜர் மூலமே தெரியும். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னார். கூட்டத்தில் இந்தப் பொருளை எடுத்ததும் அக்கா எழுந்தாராம்.

"உங்களப் பத்திதான் பேசறோம், நீங்க எங்க போறீங்க?" என்று முதலாளி கேட்டாராம்.

"என்னப் பத்தின்னா நான் இருக்கக் கூடாதுல்ல சார். கேக்கணும்னா கூப்பிடுங்க. ரெண்டு லாரி நிக்குது."

போய் எடை போட ஆரம்பித்துவிட்டார். உள்ளே முதலாளி பக்கங்களைப் புரட்டினார். "மூணு வருஷமா இந்தம்மா இதையேதான் கேட்டுட்டிருக்காங்களா?" பிறகு மேனேஜரிடம், "ஸ்கூல் ஜன்னல் ஓரம் நின்னு கேட்டுட்டு அந்தப் பொண்ணுக்கு சைகை காட்டியிருப்பாங்கன்னு சொன்ன. நீ போன் பண்ண வெளிய வந்தப்போ அவங்க எங்க இருந்தாங்க?"

மேனேஜர் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. "அங்க... குழாயடியில. டம்ளர் கழுவிட்டிருந்தாங்க."

அதற்கு மேல் பேச எதுவும் இல்லை. அக்காவைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். இரண்டாவது லாரி இறங்கின பிறகுதான் அக்கா வந்தாராம். கண்ணாடி அறையிலும் இயக்குநர் மேசையிலும் இரண்டு நாற்காலியும் அவருடையதாகவே இருக்கிறது.

இதைக் கேட்டு விளையாட்டு ஆசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தன் விசாரணைக்கே வெளிநடப்பு பண்ண ஒரே ஆள்."

நான் அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அன்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சொல்லிவிடலாம் என்று நினைத்தீர்களா? அக்கா சீட்டைக் கிழித்து டிரைவரிடம் நீட்டினார். "அது அந்த ரூம் விஷயம் தங்கச்சி" என்றார். எந்த அறை என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் நான்காவது பொருளாக, எழுத்தரின் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி என்று இருந்தது. நானே தட்டச்சு செய்த பட்டியல்தான். மூன்றாவது முடிந்ததும் பேனாவை மூடி வைத்தேன்.

"சார், இது என்னைப் பத்தினது. நான் வெளிய இருக்கேன்."

"தொத்திக்கிச்சு" என்றார் விளையாட்டு ஆசிரியர். "இப்ப யாரு எழுதறது?"

"நான் எழுதறேன்" என்று அக்கா குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்னு அஞ்சு."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மின்விசிறிக் காற்று சுகமாக இருந்தது. உள்ளே தலைவர் தொண்டையைச் செருமியது பக்கத்தில் கேட்டது போலவே கேட்டது. "வேலையெல்லாம் சுத்தம்தான்" என்றார் தலைமையாசிரியை. "ஆனா ஒண்ணு..."

அந்த ஒன்று என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு ஆசை என்று சொல்லி முடியாது. ஜன்னல் திறந்திருந்தது. வராண்டாவில் வேறு யாரும் இல்லை.

எழுந்து வெயிலில் இறங்கினேன். மூன்றாவது குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.